தெர்மென்லியில் இன்னும் பனி

தெர்மென்லி, மால்டோவா
12 ஜனவரி 2003

மிரேலா,

வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தேன். ருமேனியா நெடுகப் பேருந்து ஊர்ந்துதான் வந்தது. தராக்லியாவிலிருந்து இந்த ஊருக்கு வண்டியே இல்லை. பால் ஏற்ற வந்த லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். வீட்டுக்காரி ஸீனா என் அறையைச் சூடாக்கி வைத்திருந்தாள். ஆனாலும் கோட்டைக் கழற்ற மனம் வரவில்லை.

நேற்று அஞ்சலகம் போய் உனக்கு ஃபோன் செய்தேன். கிங்கா அக்கா எடுத்து, "குளிச்சிட்டிருக்கா" என்றாள். முக்கால் மணி நேரம் பெஞ்சில் காத்திருந்து மறுபடி செய்தேன். "இன்னும் குளிச்சிட்டுத்தான் இருக்கா" என்றாள். இந்தக் குளிரில் முக்கால் மணி நேரம் குளிக்கிற பெண்ணை நான் பெறவில்லை. என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் நீயே சொல். பெரியம்மாவுக்குப் பொய் வராது, அவளைப் பழக்காதே.

நவம்பரில் நீ எழுதிய கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினேன். அதைப் பத்திரமாக வைத்திருந்து, புத்தாண்டு விருந்தில் எல்லோர் முன்னாலும் என் தட்டில், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சாவின் மேல் வைத்தாய். கிங்கா அக்காவின் அண்டை வீட்டார்கூட அதைப் படித்தார்கள். பதினோரு பிழைகள். மே மாதம் பள்ளி இறுதித் தேர்வு எழுதப்போகிறவள், மொழியாசிரியையின் மகள், ஒரு பக்கத்தில் பதினோரு பிழை விடலாமா? இருபத்தோரு வருடப் பழக்கம், கை தானாகப் போகிறது. அது தப்பு என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக ஐந்து நாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காருவதா? நான் கிளம்பும்போதும் நீ வெளியே வரவில்லை.

நான் உல்லாசத்துக்காக இங்கே வரவில்லை என்பது உனக்குத் தெரியும். ரூசேயில் என் பள்ளியை வேறொன்றோடு சேர்த்தபோது எனக்குப் பாடவேளையே மிஞ்சவில்லை. வெளிநாட்டில் இருக்கிற நம் இனத்துப் பிள்ளைகளுக்கு மொழி சொல்லித்தர ஆள் கேட்டார்கள், வந்தேன். இரண்டு வருடம். அதில் நான்கு மாதம் போய்விட்டது.

கணக்குப் பாடத்தில் இந்தப் பருவம் எப்படி? இலக்கியத்தில் எந்த நூல் நடக்கிறது? எழுது.

அம்மா

*

ரூசே
26 ஜனவரி

மதிப்பிற்குரிய ஆசிரியை நெவேனா அவர்களுக்கு,

வரிக்கு வரி இடம் விட்டு எழுதியிருக்கிறேன், திருத்த வசதியாக இருக்கும்.

கேட்ட கேள்விகளுக்கு விடை. கணக்கு நன்றாக நடக்கிறது. இலக்கியமும் நடக்கிறது. எல்லாம் நடக்கிறது. பெரியம்மா நலம். தன்யூப் ஆற்றோரத்தில் பனிக்கட்டி மிதக்கிறது, பாலத்தின் பக்கம் போனால் காது அறுந்துவிடும் போல் இருக்கிறது. பூட்டிக் கிடக்கிற நம் வீட்டில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிட்டதாம். கீழ் வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டார். பெரியம்மாவும் நானும் போய்த் துடைத்தோம். உன் புத்தகங்களில் கீழ்த்தட்டு முழுக்க நனைந்துவிட்டது. காயவைத்திருக்கிறேன், பக்கங்கள் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

நீ கிளம்பும்போது நான் வெளியே வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். அப்பா வார்னாவுக்குக் கிளம்பியபோது எனக்கு ஒன்பது வயது. வெளியே வந்து கையசைத்தேன். அடுத்த வாரமே வருகிற மாதிரிதான் அவரும் கையசைத்தார். அதோடு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

இந்த வேலைக்கு மனுப் போட்டதை நீ என்னிடம் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட பிறகுதான் சொன்னாய், அதுவும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே. அந்தப் பதினோரு பிழையை எண்ணின அளவுக்கு இதையும் எண்ணிப் பார்.

மிரேலா

*

தெர்மென்லி
9 பிப்ரவரி

மிரேலா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். திருத்தவில்லை.

எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரம் ஓடிவிட்டது. இங்கே நடப்பதை எழுதுகிறேன்.

பள்ளியில் பதினோரு அறை. கொதிகலன் பக்கத்து அறை ஒன்றுதான் சூடாகிறது. அங்கே எனக்கும் ருமேனிய மொழி ஆசிரியைக்கும் முறை வைத்து வகுப்பு. பட்டியலில் பதினான்கு பிள்ளைகள், வருவது ஒன்பது பேர். கோட்டும் தொப்பியும் போட்டபடியே உட்கார்ந்திருக்கிறார்கள். எழுதுகிற கையில் மட்டும் கையுறை இல்லை. பேனாவை வாயருகே வைத்து ஊதி ஊதித்தான் எழுதுகிறார்கள். கரும்பலகையில் காலையில் படிந்திருக்கும் ஈரம் மதியம்தான் போகிறது.

ஸீனா மக்காச்சோளக் கட்டையை எரிக்கிறாள், அது தீர்ந்தால் திராட்சைக் கொடியின் குச்சி. நேற்று கடைக்குப் போகும்போது தெருவைக் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாள். "இந்த வீடு மாஸ்கோ. இது இத்தாலி. இந்த ரெண்டும் ஈஸ்தான்புல்லு. அந்தப் பச்சைக் கேட்டு இருக்குல்ல, அது எங்கேன்னு யாருக்குமே தெரியல." அவள் புருஷனும் மாஸ்கோவில்தான் சாரம் கட்டுகிறான். "உங்க வீட்டுக்கு என்ன பேரு?" என்று கேட்டேன். "எங்க வீடு எங்க வீடுதான். நா இருக்கேன்ல" என்றாள். இவர்கள் பேசுவது நம் மொழிதான், ஆனால் இருநூறு வருடத்துக்கு முன்னால் மூட்டை கட்டி எடுத்து வந்தது. சில நாள் எனக்கே பாதிதான் புரிகிறது.

உனக்குச் சொல்ல வேண்டியது வேறு. சென்ற வாரம் பிள்ளைகளை அவரவர் அம்மாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். ஒன்பது பேரில் ஆறு பேருடைய அம்மா ஊரில் இல்லை, அதனால் இது நல்ல பயிற்சி என்று நினைத்தேன். லியூபா என்று ஒரு பெண், எட்டு வயது. அம்மா ஈஸ்தான்புல்லில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். பெரியப்பா வீட்டில் வளர்கிறாள். வகுப்பில் வாயைத் திறக்கவே மாட்டாள். அவள் தாளை எடுத்துச் சிவப்புப் பேனாவைத் திறந்தேன். எழுந்து வந்து தாளின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"திருத்தாதீங்க டீச்சர்."

"ஏன்? அம்மா சந்தோஷப்படுவாங்கல்ல?"

"திருத்துனா நா எழுதுனதுன்னு நம்ப மாட்டாங்க. நீங்க எழுதுனதுன்னு நெனச்சுக்குவாங்க."

பேனாவை மூடினேன். எல்லோருடைய கடிதத்தையும் அப்படியே உறையில் போட்டு அனுப்பினேன். பிழையோடு.

நவம்பரில் உன் கடிதத்தில் நீ என்ன எழுதியிருந்தாய் என்று அன்று வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். பிழைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. எழுதியது என்ன என்று நினைவில்லை. வெட்கமாக இருந்தது. முடிந்தால் அதை மறுபடி எழுது.

மார்ச் முதல் தேதிக்காக, வசந்தத்தை வரவேற்கிற சிவப்பு வெள்ளை நூல் வைத்திருக்கிறேன், ஸீனா திரித்தது. கையில் கட்டிக்கொள்.

அம்மா

*

ரூசே
24 பிப்ரவரி

அம்மா,

நூல் வந்தது. ஸீனா அக்காவிடம் சொல், முறுக்கு நன்றாக இருக்கிறது, கடையில் விற்பது மாதிரி பிரிந்துவரவில்லை.

நவம்பரில் என்ன எழுதினேன் என்று கேட்டாய். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, என்னோடு யாரும் பேசுவதில்லை, நீ ஒரு வாரம் வந்துவிட்டுப் போக முடியுமா என்று எழுதினேன். 'முடியுமா' என்பதைத் தப்பாக எழுதியிருந்தேன். நீ அதை இரண்டு தடவை அடிக்கோடிட்டிருந்தாய்.

இனிமேல் பொய் எழுத முடியாது. நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. நவம்பர் இருபத்தெட்டாம் தேதி கடைசியாகப் போனேன். இலக்கிய வகுப்பில் உன் பழைய சிநேகிதி என் கட்டுரையை எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டு, "நெவேனா பொண்ணா இப்படி எழுதறது? அம்மா ஊர்ல இல்லன்னா இப்படித்தான்" என்றாள். நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். முன்பே விட்டுவிட்டுப் போக வேண்டும் போல இருந்தது, அன்றைக்கு எழுந்துகொள்ள ஒரு சாக்குக் கிடைத்தது.

பேருந்து நிலையத்தில் பனித்சா விற்கிற கூண்டுக்கடையில் வேலை செய்கிறேன். விடிவதற்குள் போய்விட்டால் மதியம் இரண்டு மணி வரை. அடுப்புப் பக்கத்தில் நிற்பதால் குளிர் இல்லை. பெரியம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கெஞ்சினேன். புத்தாண்டுக்கு நீ வந்தபோது அவள் ஏன் சமையலறையை விட்டு வரவே இல்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. கடையில் என்னோடு வேலை செய்த பெத்யா கிரேக்க நாட்டுக்குப் போய்விட்டாள். லாரிஸாவில் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. இன்னொரு வீட்டில் ஆள் கேட்கிறார்களாம். மார்ச் கடைசிக்குள் வரச் சொல்கிறாள்.

சரி, இப்போது திட்டு.

மிரேலா

*

தெர்மென்லி
8 மார்ச்

மிரேலா,

இதை அஞ்சலில் போட்டால் ஒரு வாரமாவது ஆகும். கிஷினாவிலிருந்து ரூசேக்குப் போகிற பேருந்தின் ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீ நிற்பதாகச் சொல்லும் கூண்டுக்கடையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

எப்படி முடிந்தது உன்னால்? இங்கே உட்கார்ந்து ஊரார் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லித்தருகிறேன், என் பிள்ளை மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள். இன்று பெண்கள் தினம். காலையில் தலைமையாசிரியர் எனக்கு ஒரு துலிப் பூ கொடுத்து, "நெவேனாம்மாவ மாதிரி ஒரு தாய் கெடைக்க இந்தப் பிள்ளைங்க குடுத்து வெச்சிருக்கணும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். உன் கடிதம் என் பையில் இருந்தது. அந்தப் பூவைப் பிடித்துக்கொண்டு நான் எப்படி நின்றேன் என்று உனக்குத் தெரியாது.

மூன்று மாதம் இல்லாததற்காகப் பேரை அடித்திருப்பார்கள். பரவாயில்லை. தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது, நான் விசாரிக்கிறேன். உன் இலக்கிய ஆசிரியையிடம் நானே பேசுகிறேன். அவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

ஆனால் போகாதே. பதினெட்டு வயதில் தெரியாத ஊரில் தெரியாத வீட்டில் ஒரு கிழவனைக் குளிப்பாட்டிக்கொண்டு கிடக்கவா உன்னை வளர்த்தேன்? போனவர்கள் கதையை இங்கே தினமும் பார்க்கிறேன். ஒரு வருடம் என்றுதான் எல்லோரும் போகிறார்கள்.

இங்கே குளிர் குறையவே இல்லை. பிள்ளைகள் கையில் எல்லாம் சிவப்பு வெள்ளை நூல். நாரையையோ பூத்த மரத்தையோ பார்த்தால்தான் கழற்றலாம். வெளியே பார்த்தால் முழங்கால் அளவு பனி. "நாரைக்கு வழி தெரியலபோல டீச்சர்" என்கிறார்கள்.

நான் வருகிறேன். வெள்ளிக்கிழமை, பதினான்காம் தேதிப் பேருந்து. தலைமையாசிரியரிடம் ஒரு வாரம் விடுப்பு கேட்டுவிட்டேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தார். நான் வந்து பேசும் வரைக்கும் எதுவும் முடிவு செய்யாதே. நம் வீட்டுச் சாவியைப் பெரியம்மாவிடமிருந்து வாங்கி வை. அங்கேயே தங்கலாம், நீயும் நானும்.

அம்மா

*

ரூசே
20 மார்ச்

அம்மா,

சாவி வாங்கினேன். வீட்டில் ஹீட்டரைப் போட்டேன். குழாய் சரிசெய்யக் கீழ் வீட்டுக்காரரே ஆள் கூட்டி வந்தார். பீன்ஸ் சூப் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்தும் கடையிலேயே இருந்தேன். பேருந்து இரண்டு மணி நேரம் தாமதம். ஆனால் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். நீ பின்பக்கம் தூங்கிவிட்டாயோ என்று நானே ஏறிப் பார்த்தேன்.

ஓட்டுநர், உன் கடிதத்தைக் கொண்டுவந்த அதே ஆள், சிகரெட் பற்றவைத்துக்கொண்டு சொன்னார். "உங்கம்மா டிக்கெட் வாங்கியிருந்தாங்கம்மா. பைய உள்ள வெச்சாங்க. கெளம்பறப்ப எறங்கி, பைய எடுத்துட்டுப் போய்ட்டாங்க. உடம்பு சரியில்லையான்னு கேட்டேன். இல்லன்னு தலையாட்டினாங்க."

நீ ஃபோன் செய்வாய் என்று ஆறு நாள் பார்த்தேன். நிஜமாகவே குளிக்கப் போகும்போதுகூடக் கதவைத் திறந்து வைத்திருந்தேன்.

சனிக்கிழமை லாரிஸாவுக்குக் கிளம்புகிறேன். சாவியைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

மிரேலா

*

தெர்மென்லி
6 ஏப்ரல்

மிரேலா,

இதைக் கிங்கா அக்காவுக்கு அனுப்புகிறேன். உன் புது விலாசத்துக்கு அவள் சேர்த்துவிடுவாள்.

நேற்றும் பனி கொட்டியது. வாதுமை மொட்டு விட்டிருந்தது, எல்லாம் கருகிவிட்டது. ஏப்ரலில் இப்படிப் பார்த்ததில்லை என்று ஸீனா அடுப்பைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

சாலை அடைத்துவிட்டது என்று உனக்கு எழுத நினைத்தேன். இரண்டு தடவை அப்படியே எழுதி, கிழித்துப் போட்டேன். சாலை திறந்துதான் இருந்தது.

கிஷினாவ் பேருந்து நிலையத்தில் நின்றபோது உன்னிடம் என்ன பேசுவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எல்லாமே வகுப்பில் பேசுவது மாதிரி இருந்தது. பிறகு என் பள்ளி நினைவுக்கு வந்தது. இருபத்தோரு வருடம் வேலை செய்த இடத்தில், ஆகஸ்டு மாதம், என் அலமாரிச் சாவியைக் கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டினார்கள். அதற்குப் பிறகு கடைத்தெருவில் பழைய மாணவர்களைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். உனக்கு அது தெரியாது. ரூசேக்குப் போனால் நான் வேலை போனவள், மகள் படிப்பை விட்டுவிட்டாள். இங்கே கதவைத் திறந்தால் ஒன்பது பேர் எழுந்து நிற்கிறார்கள். உனக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உன்னிடமும் சொன்னேன். அதில் பாதிதான் உண்மை. யாராவது எனக்காக எழுந்து நிற்க வேண்டியிருந்தது.

பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஃபோன் செய்யவும் தைரியம் வரவில்லை. நீ பேருந்துக்குள் ஏறித் தேடினாய் என்று படித்ததும் ஸீனாவிடம்கூடச் சொல்லாமல் கொல்லைப்பக்கம் போய் நின்றேன்.

லியூபாவின் அம்மா வியாழக்கிழமை வந்திருக்கிறாள். பேர் வேரா. இரண்டரை வருடத்துக்குப் பிறகு ஆறு நாள் விடுமுறை. வெள்ளிக்கிழமை காலை வகுப்புக்குப் போனால் லியூபா தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"அம்மா வந்திருக்காங்கல்ல. இன்னிக்கு வீட்ல இருந்திருக்கலாமே" என்றேன்.

"வேணாம் டீச்சர்."

"ஏம்மா?"

"பழகிட்டா அப்புறம் கஷ்டம். செவ்வாக்கெழம போயிருவாங்க."

எட்டு வயது அவளுக்கு. நான் பாடத்தைத் தொடங்கினேன், வேறென்ன செய்ய. மதியம் வாசலில் வேரா நின்றிருந்தாள். கையில் ஒரு இளஞ்சிவப்புக் குளிர்ச்சட்டை, விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. லியூபா கொதிகலன் பக்கத்துக் கதவு வழியாகப் போய்விட்டிருந்தாள். அரைமணி நேரமாக நிற்பதாக வேரா சொன்னாள். தலையில் பனி.

"எம் மொகத்தயே பாக்க மாட்டேங்குறா டீச்சர். ராத்திரி சொவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிறா. நா என்ன பண்ணட்டும்?"

ஆசிரியை என்பதால் என்னிடம் கேட்டாள். சட்டை அளவு சரியாக இருக்கும் என்று மட்டும் சொன்னேன்.

மன்னித்துக்கொள் என்று எழுத உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. அங்கே சாப்பாடு எப்படி, படுக்க இடம் எப்படி, அதை மட்டுமாவது எழுது.

அம்மா

*

லாரிஸா, கிரேக்கம்
28 ஏப்ரல்

அம்மா,

நேற்று ஈஸ்டர். உன் கடிதம் அதற்கு முந்தின நாள் வந்தது, பெரியம்மா ஈஸ்டர் ரொட்டியோடு பெத்யாவின் அத்தை கையில் கொடுத்தனுப்பியிருந்தாள். ரொட்டி நசுங்கிவிட்டது. சாப்பிட்டேன்.

படுக்க இடம் நன்றாக இருக்கிறது. சமையலறைப் பக்கத்தில் தனி அறை, ஜன்னலில் எலுமிச்சை மரம் தெரிகிறது. இங்கே எல்லோரும் அரைக்கைச் சட்டையில் நடக்கிறார்கள். நான் வந்து இறங்கியபோது கம்பளிக் கோட்டோடு நின்றேன், பேருந்து நிலையமே திரும்பிப் பார்த்தது.

ஸ்தாதிஸ் ஐயாவுக்கு எழுபத்தொன்பது வயது. ரயில்வேயில் இருந்தவர். வாதம் வந்து வலப்பக்கம் வேலை செய்யாது, பேச்சும் பாதிதான். எனக்கும் கிரேக்கம் முப்பது வார்த்தைதான், அதனால் இரண்டு பேரும் சமம். முதல் வாரம் ஸ்பூனைத் தட்டிவிட்டார். இப்போது சாப்பிடுகிறார். குளிப்பாட்டுவதைப் பற்றி நீ எழுதியிருந்தாய். முதல் நாள் அழுதேன். பிறகு ஒன்றும் தோன்றவில்லை, ஒரு உடம்பு அவ்வளவுதான்.

அவர் மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் ஃபோன் செய்வாள். மணி அடித்ததும் அவர் நல்ல கையை ஆட்டுவார், இல்லை என்று சொல் என்று. நான் எடுத்து, "தூங்குகிறார்" என்பேன். அவள் ரிசீவரை வைக்காமல் லைனிலேயே இருப்பாள். மூச்சு மட்டும் கேட்கும். நேற்று ஈஸ்டராயிற்றே என்று நான் ரிசீவரை அவர் காதில் வைத்துவிட்டேன். அவர் என்னை முறைத்தார். அவள் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். இவர் கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் தலையைத் திருப்பவில்லை. அன்று முழுக்க என்னிடம் கோபம்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. அந்தப் பீன்ஸ் சூப் மூன்று நாள் அடுப்பிலேயே இருந்து புளித்தது, அதைக் கொட்டும்போது எப்படி இருந்தது என்று உன்னால் நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் நீ சாலை அடைத்துவிட்டது என்று எழுதியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

இங்கே என்னை எல்லோரும் கேட்கிற கேள்வி இரண்டுதான். வீடு எங்கே, வீட்டில் யார் இருக்கிறார்கள். ரூசே என்று சொல்கிறேன். இரண்டாவது கேள்விக்கு முதலில் அம்மா என்றேன். பிறகு அதுவும் பொய்தானே என்று யாரும் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். அப்படிச் சொன்னால் அவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், பேச்சு அதோடு நின்றுபோகிறது.

தேர்வெல்லாம் இனி வேண்டாம். என்னைக் கேட்காமல் யாரிடமும் பேசாதே.

மிரேலா

*

தெர்மென்லி
25 மே

மிரேலா,

நேற்று எழுத்துத் திருநாள். பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளி வாசலில் பாட்டுப் பாடினார்கள். எட்டு பேர்தான். மைக்கேல் என்கிற பையனை அவன் அப்பா மாஸ்கோவுக்கு அழைத்துப் போய்விட்டார். பாதிப் பாட்டில் மழை பிடித்துக்கொண்டது, குளிர்ந்த மழை. கடைசிப் பனி உருகி மூன்று வாரம் ஆகிறது, ஆனாலும் ஸீனா இன்னும் சாயங்காலம் அடுப்பு மூட்டுகிறாள். திராட்சை இந்த வருடம் இல்லை என்கிறார்கள். கொடியை வெட்டிப் பார்த்தால் உள்ளே கறுத்திருக்கிறது.

பாட்டு முடிந்ததும் தலைமையாசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டு இரண்டாம் வருடத்துக்கான தாளை எடுத்து வைத்தார். பேனாவையும் திறந்து கொடுத்தார். நான் கையெழுத்துப் போடவில்லை.

அவர் நம்பவில்லை. "சம்பளம் சரியா வரலன்னா சொல்லுங்க, நா பேசறேன்" என்றார். அது இல்லை என்றேன். "அங்க வேல கெடச்சிருச்சா?" கிடைக்கவில்லை என்றேன். "அப்ப இந்தப் பிள்ளைங்கள யாரு பாப்பாங்க?" என்று கேட்டார். நான் போனால் செப்டம்பரில் யாரும் வரமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். போன வருடம் பிரெஞ்சு ஆசிரியை போனபோதும் இப்படித்தான் செய்தாராம்.

பிள்ளைகளிடம் நானே சொன்னேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அல்ல, நேராக நின்று சொன்னேன். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. மற்றவர்கள் போன பிறகும் லியூபா மேசையருகே நின்றாள்.

"ஈஸ்தான்புல்லா டீச்சர்?"

"இல்லம்மா. எங்க வீட்டுக்கு."

"உங்க வீட்ல யாரு இருக்கா?"

"இப்ப யாரும் இல்ல."



"அப்ப எதுக்குப் போறீங்க?"

என் மகளுக்காக என்று சொல்ல வாய் எடுத்தேன். நீ அங்கே இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும், உன்னைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வாசல் வரை போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் பதினெட்டாம் தேதி, புதன்கிழமை, நான் ரூசேயில் இருப்பேன். வேலைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ நின்ற கூண்டுக்கடையில் ஆள் தேவையா என்று கிங்கா அக்காவை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். பழைய மாணவர்கள் பனித்சா வாங்க வந்தால் வரட்டும், கொடுக்கிறேன்.

உன்னை வா என்று கூப்பிடவில்லை. அங்கேயே இருக்க வேண்டும் என்று தோன்றினால் இரு. ஸ்தாதிஸ் ஐயாவைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறவள் இல்லை நீ, அதுவும் எனக்குத் தெரியும்.

ஆனால் பதினெட்டாம் தேதிக்குப் பிறகு, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால், அம்மா என்று சொல். அது பொய்யாக இருக்காது.

அம்மா